வந்து போகிறவர்களும் நிலைத்து நிற்பவர்களும்





விடுமுறை நாட்கள் நெருங்கும்போது நம் நகரச் சபைகளில் ஓர் அறிவிப்பைக் கேட்பது வழக்கமாகிவிட்டது. சித்தூர், திருப்பதி பகுதிகளில் கிராம ஊழியர்களுக்கு மூன்று நாள் தலைமைத்துவப் பயிற்சி முகாம் நடைபெறும். வெளிநாட்டுச் சபையொன்றிலிருந்து ஒரு குழு வருகிறது. உடன் செல்ல விரும்பும் விசுவாசிகள் பெயர் கொடுக்கலாம் என்பதே அந்த அறிவிப்பு. வேலூரிலிருந்து சித்தூர் ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணம். சென்னையில் அதிகாலையில் புறப்பட்டால் காலை ஆகாரத்துக்குத் திருப்பதி சேர்ந்துவிடலாம். சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் கனடாவிலும் வாழும் நம் பிள்ளைகளே சில வேளைகளில் அந்தக் குழுவில் இருப்பார்கள். அவர்களுக்காக மொழிபெயர்க்கவும் பாடல் நடத்தவும் பந்தி பரிமாறவும் நாமும் வேனில் ஏறிவிடுகிறோம்.

இது நல்ல காரியமே. பெற்றுக்கொண்ட சபை கொடுக்கிற சபையாக மாறுவது தேவனுடைய சித்தம். ஆனாலும் ஒரு கேள்வியை நாம் தேவ சமூகத்தில் கேட்டே ஆகவேண்டும். வேன் திரும்பிய பிறகு, விமானம் ஏறிய பிறகு, அந்தக் கிராமத்தில் நிற்பது எது? கைதட்டலும் சான்றிதழும் புகைப்படமும் மட்டுமா? அல்லது, யாருடைய கையையும் எதிர்பாராமல் கர்த்தரை நோக்கி நிற்கக்கூடிய ஓர் ஊழியனா?

எத்திரோ கற்றுக்கொடுத்த விதம்

வேதத்தில் அந்நிய தேசத்திலிருந்து வந்து தலைமைத்துவம் கற்பித்துவிட்டுப் போன ஒரு மனிதனை யாத்திராகமம் 18ஆம் அதிகாரத்தில் காண்கிறோம். அவன் மீதியானின் ஆசாரியனும் மோசேயின் மாமனுமாகிய எத்திரோ. அவன் வந்தவுடன் பிரசங்க மேடை தேடவில்லை. முதலில் குசலம் விசாரித்தான். கர்த்தர் செய்தவற்றை மோசே விவரிக்க, உட்கார்ந்து கேட்டுச் சந்தோஷப்பட்டான். மூப்பர்களோடு போஜனம் பண்ணினான். மறுநாள் மோசே காலைமுதல் மாலைமட்டும் நியாயம் விசாரிக்கிறதை முழுவதும் கவனித்தான். அதன் பிறகே, ஏன் தனியாகச் சுமக்கிறாய் என்று கேட்டான்.

அவன் சொன்ன ஆலோசனை என்ன? நீயும் களைத்துப்போவாய், ஜனங்களும் களைத்துப்போவார்கள். தேவனுக்குப் பயந்தவர்களும் பொருளாசையை வெறுப்பவர்களுமான மனிதரைத் தெரிந்தெடுத்துப் பொறுப்பைப் பகிர்ந்துகொடு என்பதே. அதையும் கட்டளையாகச் சொல்லாமல், தேவன் இதை உத்தரவு செய்தால் என்ற நிபந்தனையோடு சொன்னான் (யாத். 18:23). தெரிந்தெடுத்தவன் மோசே, எத்திரோ அல்ல. கடைசியில் அவன் தன் தேசத்துக்குத் திரும்பிப் போய்விட்டான் (18:27). இஸ்ரவேலின் பாளயத்தில் எத்திரோவின் பெயரால் ஒரு கிளை தொடங்கப்படவில்லை.

கேட்டான், பார்த்தான், சொன்னான், போனான். இந்த ஒழுங்கை மாற்றி, முதல் நாளே சொல்லத் தொடங்குவதால்தான் நம்முடைய பல முகாம்கள் பலனற்றுப்போகின்றன.

சித்தூருக்கு வந்த பல் மருத்துவர்

தலைமைத்துவம் கற்பிக்க நாம் இன்று போகிற அதே சித்தூரில், ஏறத்தாழ 190 ஆண்டுகளுக்கு முன்னே இந்தப் பாடத்தைத் தம் வாழ்க்கையினால் எழுதிய ஒருவர் இருந்தார். அவர் பெயர் அந்தோணி நாரிஸ் குரோவ்ஸ். 1795இல் இங்கிலாந்தில் பிறந்தவர். நல்ல வருமானமுள்ள பல் மருத்துவர். அநாதைப் பிள்ளைகளின் தகப்பன் என்று நாம் அறிந்திருக்கும் ஜார்ஜ் முல்லர் மணந்தது இவருடைய சகோதரியைத்தான். கர்த்தருடைய அழைப்பின்படி தொழிலையும் செல்வத்தையும் விட்டு 1829இல் பாக்தாத் நகரத்துக்குப் புறப்பட்டார். அங்கே 1831இல் பரவிய கொள்ளைநோயில் மனைவியை இழந்தார். 1833இல் இந்தியாவுக்கு வந்து ஊழியத் தளங்களைச் சுற்றிப் பார்த்தார். பின்பு இங்கிலாந்து சென்று, 1836இல் உடன் ஊழியர்களோடு சென்னைக்குத் திரும்பினார். அதன்பின் அவர் குடியேறிய ஊர் சித்தூர். அந்நாட்களில் அது வட ஆற்காடு மாவட்டத்தின் தலைநகரம். தமிழும் தெலுங்கும் கலந்து வழங்கிய ஊர். 1911இல்தான் சித்தூர் தனி மாவட்டமாயிற்று.

குரோவ்ஸ் இரண்டு காரியங்களில் உறுதியாயிருந்தார். ஒன்று, அப்போஸ்தலனாகிய பவுல் கூடாரத்தொழில் செய்ததுபோல் ஊழியனும் கையினால் பாடுபடலாம் என்பது. அதற்காகவே சித்தூரில் நிலம் வாங்கிப் பட்டுப்பூச்சி வளர்ப்பும் விவசாயமும் தொடங்கினார். மற்றொன்று, கர்த்தருடைய பந்தியில் ஐரோப்பியன் மேல், இந்தியன் கீழ் என்ற படிநிலை இல்லை என்பது. வெள்ளைக்காரர் கையால் அபிஷேகம் பெற்றால்தான் இந்தியன் அப்பம் பிட்கலாம் என்று எண்ணிய காலத்தில், ஆவியானவர் வரம் அளித்த எந்த விசுவாசியும் சபையில் ஊழியம் செய்யலாம் என்று அவர் போதித்தார்.

இது அந்நாளில் எவ்வளவு பெரிய விவாதம் என்பதைத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த நம் குடும்பங்கள் அறிவார்கள். பாளையங்கோட்டையில் ஊழியம் செய்த இரேனியஸ் ஐயர், தாம் பயிற்றுவித்த உபதேசிமாரைத் தாமே அபிஷேகம் பண்ண விரும்பியதாலும் ஆங்கிலத் திருச்சபையின் ஒழுங்குகளைக் குறித்து எழுதியதாலும் 1835இல் தம் சங்கத்தாரால் விலக்கப்பட்டார். அந்தப் போராட்டத்தில் குரோவ்ஸ் அவர் பக்கம் நின்றார்.

குரோவ்ஸின் சித்தூர் நாட்களை வெளிக்கணக்கில் எடைபோட்டால் வெற்றி என்று சொல்வது கடினம். பட்டுத் தொழில் நஷ்டத்தில் முடிந்து, அவரைப் பல ஆண்டுகள் கடன் சுமையில் அழுத்தியது. அவரோடு வந்தவர்களும் ஒவ்வொருவராகப் பிரிந்து போனார்கள். ஹெர்மன் குண்டர்ட் 1838இல் சித்தூரைவிட்டு மேற்குக் கரைக்குச் சென்று, பின்னாளில் மலையாள அகராதியைத் தந்தார். பௌடன், பீர் என்னும் இரு குடும்பத்தார் கோதாவரிக் கழிமுகத்துக்குப் போய்த் தெலுங்கு மக்கள் நடுவே ஊழியத்தை நிலைநாட்டினார்கள். குரோவ்ஸ் 1852இல் நோயாளியாக இங்கிலாந்து திரும்பி, அடுத்த ஆண்டு ஜார்ஜ் முல்லரின் வீட்டில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.

அப்படியானால் அவர் விதைத்தது எங்கே முளைத்தது?

சம்பளம் வேண்டாம் என்ற தமிழன்

பிரியமானவர்களே, ஜான் கிறிஸ்டியன் அருளப்பன் என்ற பெயரை நம் பெந்தெகொஸ்தே இல்லங்களில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். 1810இல் திருநெல்வேலிச் சீமையில் பிறந்தவர். இரேனியஸ் ஐயரிடம் கல்வி கற்றவர். வாலிப வயதில் குரோவ்ஸோடு சேர்ந்து பல இடங்களில் சுற்றி ஊழியம் செய்தவர்.

1840இல் அருளப்பன் தெற்கே போய்த் தனித்து ஊழியம் தொடங்கத் தீர்மானித்தார். அவருக்கு மாதச் சம்பளம் வழங்க முன்வந்தபோது அவர் மறுத்துவிட்டார். காரணத்தைக் கவனியுங்கள்: உங்கள் ஆத்துமாவையே தேடுகிறேன் என்று நான் ஜனங்களிடம் சொல்லும்போது, சம்பளம் வாங்குகிறவனின் பேச்சை அவர்கள் நம்பமாட்டார்கள் என்றார். நண்பர்கள் அன்பினால் அனுப்பிய காணிக்கையை அவர் தள்ளவில்லை. தம்மை ஒருவருடைய கூலியாளாக்கும் ஏற்பாட்டையே தள்ளினார்.

குரோவ்ஸ் இதைக் கேட்டு வருந்தவில்லை, மகிழ்ந்தார். இந்திய ஊழியன் நேரடியாகத் தேவன்மேல் சார்ந்து நிற்கும்போதுதான் அவனுக்குள் சொந்த உறுதி பிறக்கும் என்று எழுதினார். தம் மாணவன் தம்மைச் சாராமல் நின்றதைத் தம் ஊழியத்தின் கனியாக அவர் கண்டார். தலைமைத்துவம் கற்பிக்கிற எவனுக்கும் இதுவே கடைசிப் பரீட்சை. மாணவன் நம்மை விட்டு நடக்கத் தொடங்கும்போது நம் இருதயம் மகிழ்கிறதா, கசக்கிறதா?

அருளப்பனின் ஊழியத்தில், இன்றைய விருதுநகர் மாவட்டத்தில் வத்திராயிருப்புக்கு அருகே மலையடிவாரத்தில் கிறிஸ்தியான்பேட்டை என்ற சிற்றூர் உருவாயிற்று. விசுவாசிகள் அங்கே பயிரிட்டு வாழ்ந்தார்கள். சுற்றுக் கிராமங்களுக்குச் சுவிசேஷம் சென்றது. அமெரிக்காவிலும் அயர்லாந்திலும் 1857 முதல் 1859 வரை நடந்த எழுப்புதலின் செய்தி வந்தபோது அவர்களும் ஜெபித்தார்கள். 1860இல் தேவ ஆவியானவர் வல்லமையாய் இறங்கினார். பாவ அறிக்கையும் கண்ணீரும் மட்டுமல்ல, தரிசனங்களும் தீர்க்கதரிசனமும் அந்நிய பாஷைகளும் அவற்றின் வியாக்கியானமும் வெளிப்பட்டன. ஆண்களும் பெண்களும் நிரப்பப்பட்டார்கள். முக்தி சபையில் 1905இல் எழுப்புதல் உண்டாவதற்கு 45 ஆண்டுகளுக்கு முன்னும், அசூசா தெருவில் 1906இல் அக்கினி விழுவதற்கு 46 ஆண்டுகளுக்கு முன்னும் தமிழ் மண்ணில் நடந்தது இது. அருளப்பன் 1867இல் மறைந்தார்.

குரோவ்ஸ் இதைத் தம் கண்ணால் காணவில்லை. அவர் மரித்து 7 ஆண்டுகள் கடந்துவிட்டன. மழை பெய்தது சித்தூரிலும் அல்ல. நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால். வெளிநாட்டு ஊழியனின் பண்ணை அழிந்தது. அவன் சுயாதீனமாய் நிற்கவிட்ட ஒரு மனிதன் நின்றான். பவுல் தீமோத்தேயுவுக்கும், தீமோத்தேயு உண்மையுள்ள மனுஷருக்கும், அவர்கள் மற்றவர்களுக்கும் ஒப்புவிக்கிற அந்த நான்கு தலைமுறைச் சங்கிலி இதுவே (2 தீமோ. 2:2).

ஒரே நாளில் மிஷனெரி இல்லாமற்போனால்?

திருப்பதிப் பகுதியின் சரித்திரமும் ஒரு பாடம் சொல்லுகிறது. ஜெர்மனியின் ஹெர்மன்ஸ்பர்க் சங்கத்தார் 1865 முதல் சூலூர்பேட்டை, நாயுடுபேட்டை, கூடூர், காளஹஸ்தி, திருப்பதி வட்டாரங்களில் தெலுங்கு மக்கள் நடுவே ஊழியம் செய்தார்கள். 1914இல் முதல் உலகப்போர் மூண்டது. ஆங்கில அரசாங்கம் ஜெர்மானியரைக் காவலில் வைத்துப் பின்பு அவர்களைத் தேசத்தைவிட்டு அனுப்பியது. அரை நூற்றாண்டாக மேய்த்தவர்கள் இல்லாமற்போனார்கள். பிற்பாடு அமெரிக்க லுத்தரன் சபையார் பொறுப்பேற்றார்கள். இன்று அது தென் ஆந்திர லுத்தரன் திருச்சபை என்று திருப்பதியைத் தலைமையிடமாகக் கொண்டு நடக்கிறது.

இது பழங்கதை என்று எண்ணவேண்டாம். 2020 மார்ச் மாதத்தில் கொள்ளைநோயின் காரணமாக விசாக்கள் நிறுத்தப்பட்டன, விமானங்கள் நின்றன. வெளிநாட்டுப் பிரசங்கியும் வரவில்லை. நகரத்து வேனும் போகவில்லை. அந்நாட்களில் கிராம விசுவாசியின் வீட்டில் ஜெபித்தவனும் அவன் மரணத்தில் அடக்கம் செய்தவனும் யார்? அந்த ஊரிலேயே இருந்தவன்தான். நாம் நடத்தும் ஒவ்வொரு முகாமையும், நாளைக்கே நாம் வர முடியாமற்போனால் இவர்கள் எப்படி நிற்பார்கள் என்று எண்ணியே நடத்தவேண்டும்.

போகிறவர்களுக்குச் சில ஆலோசனைகள்

1. அவர்கள் காலத்தை விசாரியுங்கள். கிராம ஊழியர்களில் அநேகர் வாரநாட்களில் கூலிவேலை செய்கிறவர்கள். சித்தூர் மாமரத் தோப்புகளுக்குப் பேர்போன இடம். அறுவடையும் கூழ் தொழிற்சாலைகளின் வேலையும் கோடையின் முடிவில் மும்முரமாயிருக்கும். நம் விடுமுறைக்கு ஏற்ற தேதி அவர்களுக்கு மூன்று நாள் கூலி இழப்பாக இருக்கலாம். தேதியை அவர்கள் குறிக்கட்டும்.

2. மொழியை மதியுங்கள். சித்தூர், நகரி, குப்பம் பக்கங்களில் தமிழ் விளங்கும் என்பதால் எல்லா இடத்திலும் தமிழே போதும் என்று நினைக்கிறோம். ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கும், தமிழிலிருந்து தெலுங்குக்கும் இரண்டு முறை மாறும்போது ஒரு மணி நேரப் பிரசங்கத்தில் இருபது நிமிடப் பொருளே போய்ச் சேரும். தெலுங்கு வேதாகமத்தைத் திறந்து, அவ்வூர் ஊழியரையே வாசித்து விளக்கச் சொல்லுங்கள். நீங்கள் கேள்வி கேளுங்கள்.

3. மேடையை விட்டுக்கொடுங்கள். மூன்று நாளில் இரண்டு நாள் அவர்கள் பேசட்டும். சபையில் சண்டை வந்தால் எப்படித் தீர்க்கிறார்கள், காணிக்கைக் கணக்கை யார் எழுதுகிறார்கள், ஊழியர் நோயுற்றால் யார் ஆராதனை நடத்துகிறார் என்று விசாரியுங்கள். மோசேயின் களைப்பு எங்கே இருக்கிறது என்பது அப்போதுதான் தெரியும்.

4. ஊழியரின் மனைவியை மறவாதிருங்கள். பெண்கள் கூட்டமும் சிறுவர் ஊழியமும் உபவாச ஜெபமும் அநேக கிராமங்களில் அந்தச் சகோதரியின் தோளில்தான் இருக்கின்றன. முகாமில் அவர்களுக்குக் கிடைக்கும் இடமோ பெரும்பாலும் சமையற்கட்டு. அப்பொல்லோவுக்கு தேவனுடைய மார்க்கத்தைத் திட்டமாய் விளக்கியவர்களில் பிரிஸ்கில்லாளும் ஒருத்தி (அப். 18:26).

5. பணத்தில் சுத்தமாயிருங்கள். எபேசுவின் மூப்பர்களிடம் விடைபெறும்போது, ஒருவனுடைய வெள்ளியையும் பொன்னையும் தாம் இச்சிக்கவில்லை என்று பவுல் சொல்லக்கூடியவராயிருந்தார் (அப். 20:33). உறையில் வைத்து ஒருவருக்கு மட்டும் ரகசியமாய்க் கொடுக்கும் டாலர், பத்து ஊழியர்களின் ஐக்கியத்தைக் கெடுத்துவிடும். இதில் தேசத்தின் சட்டமும் உண்டு. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றவர்களிடமிருந்து ஊழியத்துக்குக் காணிக்கை பெற, வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின்கீழ் பதிவோ முன் அனுமதியோ வேண்டும். பதிவுபெற்ற ஸ்தாபனமும் அதை வேறொரு ஸ்தாபனத்துக்கு மாற்றிக் கொடுக்க 2020இல் வந்த திருத்தம் தடைசெய்கிறது. இந்தியக் குடிமகனாகவே வெளிநாட்டில் உழைக்கும் உங்கள் மகன் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியே அனுப்புவது வேறு. இந்த வித்தியாசத்தை அறிந்த கணக்கரிடம் முதலிலேயே கேளுங்கள். தவறினால் துன்பப்படுவது விமானம் ஏறிப்போனவர் அல்ல. அந்தக் கிராம ஊழியரே.

6. அனுமதியைக் கவனியுங்கள். சுற்றுலா விசாவில் வருகிறவர் மதப்பிரசங்கம் செய்ய அனுமதி இல்லை. வெளிநாட்டு இந்தியக் குடிமகன் அட்டை வைத்திருக்கும் நம் பிள்ளைகளும் மிஷனெரி ஊழியம் செய்யச் சிறப்பு அனுமதி பெறவேண்டும் என்று 2021இல் அரசு அறிவித்தது. கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்று சொல்லி ஒளித்துச் செய்வது விசுவாசமல்ல. தலைமைத்துவம் கற்பிக்க வருகிறவரின் முதல் பாடமே பொய்யாக இருந்தால், கற்றுக்கொள்கிறவர் எதைக் கற்பார்?

7. ஊராரைக் கனம்பண்ணுங்கள். திருப்பதி கோடிக்கணக்கான மக்கள் பக்தியோடு வந்து போகிற நகரம். திருமலையில் பிற மதப் பிரசாரம் 2007 முதல் சட்டப்படி தடைசெய்யப்பட்டிருக்கிறது. அங்கே போய்க் கைப்பிரதி கொடுத்துவிட்டு அதைத் தைரியம் என்று சாட்சி சொல்ல வேண்டாம். எபேசுவில் பவுலின் உடன் ஊழியர் கோவிலைக் கொள்ளையிட்டவர்களுமல்ல, ஊராரின் தேவதையைத் தூஷித்தவர்களுமல்ல என்று அந்நகரத்துச் சம்பிரதியே சாட்சி சொன்னான் (அப். 19:37). நாம் திரும்பிய பிறகும் அந்த ஊரில் கடையிலும் கிணற்றடியிலும் அயலாரோடு வாழ வேண்டியவர் அங்குள்ள விசுவாசி.

8. எண்ணிக்கையைக் குறைத்து, காலத்தை நீட்டுங்கள். இருநூறு பேருக்கு ஒரு முறை சான்றிதழ் கொடுப்பதைவிட, இரண்டு பேரோடு பத்து ஆண்டுகள் நடப்பது மேல். மாதம் ஒரு முறை தொலைபேசியில் ஜெபியுங்கள். அவர்களை உங்கள் சபைக்கு அழைத்துப் பிரசங்கிக்கச் சொல்லுங்கள். நகரத்துச் சபை கிராமத்து ஊழியரின் காலடியில் உட்கார்ந்து கேட்கும் நாளில்தான் ஐக்கியம் உண்மையாகும்.

போகாதவர்களுக்கும் ஒரு வார்த்தை

எனக்குச் சித்தூருக்குப் போக விடுமுறையும் இல்லை, வசதியும் இல்லை என்று ஒரு சகோதரர் சொல்லலாம். ஆனால் பிழைப்புக்காக ஊரைவிட்டு நகரத்துக்கு வந்து, வாடகை வீட்டில் ஜெபக்கூட்டம் தொடங்கிய தலைமுறை நாம். நம் சபையிலும் எல்லாவற்றையும் ஒருவரே சுமக்கிறாரா என்று பாருங்கள். நாற்பது வயதாகியும் ஒரு வேதபாடம் நடத்த அனுமதிக்கப்படாத சகோதரர் இருக்கிறாரா? வீட்டிலே, ஜெபத்தை எப்போதும் அப்பாவே முடிக்க, பிள்ளைகள் ஆமென் மட்டும் சொல்லிப் பழகிவிட்டார்களா? இந்த வாரம் குடும்ப ஜெபத்தை உங்கள் மகளிடம் ஒப்படைத்துவிட்டு அமைதியாய் உட்கார்ந்திருங்கள். தலைமைத்துவப் பயிற்சி அங்கேதான் தொடங்குகிறது.

நம் ஆண்டவர் மூன்றரை ஆண்டுகள் சீஷரோடு தங்கினார். அவர்கள் கால்களைக் கழுவினார். பின்பு, தாம் போகிறது அவர்களுக்குப் பிரயோஜனம் என்று சொன்னார் (யோவான் 16:7). தேற்றரவாளன் வரும்படி அவர் போனார். நாம் போன பிறகும் அதே ஆவியானவர் அந்தக் கிராமத்தில் தங்கியிருக்கிறார் என்று விசுவாசிக்கிறவனே நிம்மதியாய் விடைபெற முடியும்.

நாம் ஜெபிப்போம்: அன்பின் பரலோகப் பிதாவே, சித்தூரிலும் திருப்பதியிலும் சுற்றுக் கிராமங்களிலும் உமக்காக நிற்கும் ஊழியரையும் அவர்கள் குடும்பங்களையும் உமது கரத்தில் ஒப்புவிக்கிறோம். அவர்களிடம் போகிறவர்களுக்குக் கேட்கும் செவியையும், விட்டுக்கொடுக்கும் மனதையும் தாரும். எங்கள் பெயர் சிறுகவும், உம்முடைய நாமம் பெருகவும் செய்யும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், பிதாவே. ஆமென்.

கர்த்தர்தாமே உங்களையும் உங்கள் குடும்பங்களையும் ஆசீர்வதிப்பாராக. மாரநாதா!